படத்தைப் பார்த்து வாங்கவும்

செத்துப்போன மாசிலாமணி அண்ணன் எதிர்வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பட்டப்பகல், சுள்ளென்ற வெயில். அதே முறுக்கு மீசை, அதே அகல நெற்றி, அதே தொங்கின காது. கையிலிருந்த முறம் நழுவி மிளகாய் வத்தல் மொத்தமும் தெருவில் கொட்டியது. அதை அள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தனபாக்கியம் ஒற்றை மிளகாயை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது எங்கள் மேட்டுத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதிர்ச்சி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாசிலாமணி அண்ணனின் பாடை கிளம்பியபோது மொட்டைமாடியில் நின்று, அது தெருமுனை திரும்பும் வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தவள் நான். போனவர் போனவர்தான். திரும்பி வருவதானாலும் எனக்குத் தெரியாமல் வந்திருக்க முடியாது.

திண்டுக்கல்லில் மாசிலாமணி தைலம் தெரியாத வீடு கிடையாது. தலைவலி, மூட்டுவலி, மாமியார் வந்து இறங்கினால் வருகிற வலி, எல்லாவற்றுக்கும் அதுதான். சின்னப் பச்சைக் குப்பி. லேபிளில் வட்டத்துக்குள் மீசை வைத்த ஒரு முகம். அதன் கீழே, "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள். படத்தைப் பார்த்து வாங்கவும்." படத்தின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளிக் கூட்டம் இருக்கும். அது என்ன என்று தெருவில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. அச்சுக் கோளாறு என்பார் என் வீட்டுக்காரர். முருகன் கோவில் விபூதி என்பாள் கடைசி வீட்டு மயிலாத்தா. நான் எதுவும் சொன்னதில்லை. தெரியாததைப் பேசமாட்டேன். (தெரிந்ததைக் கொஞ்சம் கூட்டிப் பேசுவேன். அது வேறு.)

அண்ணன் போன பிறகு, வீட்டுப் பின்கட்டில் இருக்கிற கம்பெனியை அவர் மகள் வடிவு பார்த்துக்கொள்கிறாள். குப்பியில் அடைக்க, மூடி திருக, லேபிள் ஒட்ட என்று தெருவில் பாதிப் பெண்களுக்கு அங்கேதான் வேலை. அவள் தலையெடுத்த நேரம் பார்த்து போலிகள் கிளம்பின. முன்பெல்லாம் போலி என்றால் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் கூடையில் வைத்து விற்பான். போய் நாலு அறை விட்டால் முடிந்தது. இப்போது யாரை அறைவது? போனைத் திறந்தால் மாசிலாமணி தைலம், மகாசிலாமணி தைலம், மாசிலா மூலிகைத் தைலம். எல்லாவற்றிலும் அண்ணன் முகம். ஒன்றில் மீசை இல்லை, ஒன்றில் கூலிங் கிளாஸ், ஒன்றில் அண்ணனுக்கு மாறுகண். ஆர்டர் போட்டால் டிரோன் மொட்டைமாடியில் பார்சலை இறக்குகிறது, திறந்தால் பச்சைத் தண்ணீர். அதைத் தேய்த்துக் கழுத்தெல்லாம் கொப்பளித்துப்போன ஆள்கள் வடிவு வீட்டு வாசலில் வந்து நின்று அண்ணனைத் திட்டினார்கள். லேபிள் ஒட்டுகிற பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை.

அப்போதுதான் பெனிட்டா வந்தாள். மதுரையில் டிரேட் மார்க் வேலை பார்க்கிற பெண். தோளில் ஒரு பை, காதில் ஒரு கருவி. அவள் வந்த அன்று எனக்கு உறை மோர் தேவைப்பட்டது. கிண்ணத்தோடு போய் கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாங்க வைக்கப்போற ஏ.ஐ.க்குப் பேரு மெய்க்காவல், ஆன்ட்டி," என்றாள். "அத்தனை ஆன்லைன் கடைக்குள்ளயும் போய் உக்காந்துக்கும். யாராவது இந்தப் பேரை, இந்தப் படத்தை, இல்ல இதுக்குக் கிட்டத்துல இருக்கிற எதையாவது போட்டா, கடையையே இழுத்து மூடிடும். பேங்க், பஸ்னு முகம் பாக்குற எல்லா இடத்துக்கும் சொல்லிடும்."

"மீசைய எடுத்துட்டுப் போடுறானுகளே, அதைக் கண்டுபிடிக்குமா?"

"மீசை, முடி, கண்ணாடி எதையும் பாக்காது. எலும்பைப் பாக்கும். தாடை எப்படி வளையுது, கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம்னு. அதை யாராலயும் மாத்த முடியாதுல்ல?"

"பேச்சு?"

"நேர்ல பேசுறது கேக்காது. ஆனா மாசிலாமணி தைலம்னு யாரு எங்க பேசி அனுப்பினாலும் காதுல வாங்கி வச்சுக்கும். தெரு குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டாக்கூட."

"அடப்பாவிகளா. அது தப்பில்லையா?"

"நீங்கதான் ஓகே அமுக்கியிருக்கீங்க ஆன்ட்டி. எல்லாரும் அமுக்கினதுதான்."

தூங்காது, சமைக்கப் போகாது, ஊருக்கும் போகாது, எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தத் தெருவில் எனக்குப் போட்டியாக ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனால் வேலை என்றால் வேலை, அப்படி ஒரு வேலை. மாறுகண் அண்ணன் காணாமல் போனார். மகாசிலாமணி போனார். தெருப் பெண்கள் மறுபடி தினமும் வேலைக்குப் போனார்கள். ஒரே ஒரு தடவைதான் அது சறுக்கியது என்று நினைத்தோம். அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு, ஏதோ கல்யாணத்தில் எடுத்த அவருடைய படத்தைக் கம்பெனி பக்கத்தில் போட்டாள் வடிவு. போட்ட கையோடு அதைப் பிடுங்கி எறிந்தது மெய்க்காவல். "இந்த முகம் போலி. மாசிலாமணியின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறது."

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. "செத்த மனுசன்கிட்டயே லைசென்ஸ் கேக்குதே!" என்றாள் மயிலாத்தா. "வயசான காலத்துப் படம்ல, அதான்," என்று போனில் சமாதானம் சொன்னாள் பெனிட்டா. கடைசியில் லேபிள் படத்தையே பெரிதாக்கிப் போட்டார்கள். அதை அது கும்பிடாத குறையாக விட்டுவிட்டது.

சிரிக்காத ஒரே ஆள் சௌந்தரம் மதினி. அண்ணனின் மனைவி. "அடுப்புல சோறு" என்று எழுந்து உள்ளே போனார். அந்த வீட்டில் சோறு கொதித்தால் என் வீட்டுக்கு வாசம் வரும். அன்றைக்கு வரவில்லை. அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

இப்போது கேட்டுக்குள் போன ஆளுக்கு வருவோம். கிண்ணத்தைத் தேடி எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் அண்ணன் இல்லை, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆனால் லேபிளில் இருக்கிற ஆளுக்கு இருபது வயதைக் கூட்டி, வெயிலில் நிற்கவைத்துக் கறுக்கவைத்தால் அச்சு இவர்தான். கக்கத்தில் துண்டில் சுற்றிய ஒரு பலகை மாதிரி ஏதோ. வடிவு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"எம்பேரு சன்னாசிங்க. சின்னமனூரு. திராட்சை போட்டிருக்கேன்," என்றார். "கொடியில பறிச்ச கையோட ஆன்லைன்ல லைவ்ல காமிச்சு விப்பேன். நம்ம மூஞ்சியப் பாத்து வாங்குறவுக நிறையப் பேரு. போன வாரம் திடீர்னு கடைய மூடிட்டாங்க. கேட்டா, நான் போலியாம். மாசிலாமணியோட முகத்தைத் திருடிட்டேனாம்."

"நீங்க தைலம் விக்கிறீங்களா?" என்றாள் வடிவு.

"சத்தியமா இல்லம்மா. எனக்குத் தலைவலியே வராது. இப்ப ஒரு வாரமாத்தான் வருது." மீசையைத் தடவினார். "இது இல்லாத என் பழைய படத்தைக் காமிச்சுப் பாத்தேன். அப்பவும் போலின்னுச்சு. சரி, எடுத்து என்ன பிரயோசனம்னு விட்டுட்டேன். பணம் எடுக்கப் போனா மூஞ்சியக் காட்டுன்னுது, காட்டுனா போலின்னுது. ரேசன் கடையில போலி. பஸ்ல ஏறுனா கதவு மூடலை, எல்லாரும் என்னையவே பாக்குறாக. தேங்கா லோடு வண்டியில மறைஞ்சு உக்காந்து வந்திருக்கேன். கொடியில காய் அழுகிக்கிட்டிருக்கு. ஏதோ பேப்பர் குடுத்தா பொறுத்துக்கலாம், காசு குடுன்னாக் குடுக்கலாம். இது எம் மூஞ்சிங்க. இதை நான் எங்க கொண்டுபோய் வைக்க? தயவுசெஞ்சு எம் மூஞ்சிய எனக்கே திருப்பிக் குடுத்துருங்க."

ஒரு ஆம்பளை இன்னொருத்தர் வீட்டில் நின்று தன் முகத்தைத் திருப்பிக் கேட்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்போதுதான் கவனித்தேன். உள் அறை வாசலில் சௌந்தரம் மதினி நின்றிருந்தார். அவர் சன்னாசியைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அப்படியே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சின்னமனூர். மாதா மாதம் தைலத்துக்கு மூலிகை பறிக்கப் போகிறேன் என்று அண்ணன் அந்தப் பக்கம்தான் போய் வருவார். போனால் இரண்டு நாள். மூலிகை பறிக்க இரண்டு நாளா?

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, தெரு குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நீளமாக. அதில் பாதியிலேயே மயிலாத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே ஓடிவந்துவிட்டாள்.

"அக்கா, நெசமாவா? மாசிலாமணி அண்ணனா? சாமி கும்பிடாம தண்ணி குடிக்க மாட்டாரே!"

"சாமி கும்பிட்டுட்டுத்தான் போயிருக்காரு. வந்திருக்கிறவரைப் போய்ப் பாரு. லேபிளைக் கிழிச்சு ஒட்டின மாதிரி."

"மதினி தாங்குவாங்களா?"

அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கிண்ணத்தில் ரவாக் கேசரி எடுத்துக்கொண்டு போனேன். துக்க வீட்டுக்குக் கேசரியா என்று கேட்காதீர்கள், வேறு எதுவும் சட்டென்று செய்ய முடியவில்லை. சன்னாசி வெளியே வராந்தாவில் பாயை விரித்துப் படுத்திருந்தார். மதினி அடுப்படியில் தனியாக இருந்தார்.

"மனசைத் தேத்திக்கங்க மதினி," என்றேன். "ஊரு கண்டதையும் பேசும். நான் எல்லாரையும் அடக்கி வச்சிருக்கேன்."

"என்ன பேசுது ஊரு?"

சொன்னேன். கொஞ்சம் மெல்லியதாக்கித்தான் சொன்னேன். அழுவார், கத்துவார், என் கேசரியைத் தூக்கி வீசுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். மதினி ஒரு வாய் கேசரியை எடுத்துத் தின்றார். "இருந்தாலும் இருக்கும், தனபாக்கியம்," என்றார். "ஆம்பளைங்க விசயம் யாருக்குத் தெரியும்?"

இடி விழுந்தது எனக்கு. புருஷனை ஒரு சொல் சொன்னால் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுகிற பெண்பிள்ளை. உப்பு சரியா என்று பார்ப்பதுபோல இதைச் சொல்கிறார். அன்றைக்கு என் வீட்டுக்காரர், "அடுத்தவங்க வீட்டு விசயத்துல நீ ஏன் இப்படி அடிச்சுக்கிற?" என்று கேட்டார். அடித்துக்கொள்ள வேண்டியவர் கேசரி தின்றால் வேறு யார் அடித்துக்கொள்வது?

மறுநாள் பெனிட்டா வந்தாள். சன்னாசியைக் கண்டதும் அவள் காதுக் கருவியே கீழே விழுந்தது. உறை மோர் எனக்கு மறுபடியும் தேவைப்பட்டது.

"இவருக்காகச் சொன்னா மெய்க்காவல் விட்டுடும்ல? எங்க கம்பெனிதானே அதை வச்சது?" என்றாள் வடிவு.

"உங்க பேச்சை அது கேக்காது மேடம். காசு வாங்கிட்டு போலிக்கு வழிவிட்ட ஓனருங்க எத்தனையோ பேர். அதனால ஓனர் சொல்றதை நம்பக் கூடாதுன்னே பழக்கி வச்சிருக்காங்க. ஒரே ஒரு விலக்குதான் இருக்கு. முகத்துக்குச் சொந்தக்காரரோட ரத்த உறவுன்னா விட்டுடும். அப்பா ஜாடை பிள்ளைக்கு வரத்தான் செய்யும், அது குத்தமில்லைன்னு."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் மதினியைப் பார்த்தேன்.

"அப்படி ஒரு உறவு இருக்கான்னு..." என்று இழுத்தாள் வடிவு. அவள் கண் சிவந்திருந்தது. குரூப்பில் அவளும் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்லைங்க," என்றார் சன்னாசி. "நேத்தே சொல்லணும்னு பாத்தேன். அம்மாவைப் பாத்துட்டு வாய் வரலை." கக்கத்துப் பலகையை எடுத்துத் துண்டை அவிழ்த்தார். கண்ணாடி போட்ட பழைய போட்டோ. "போன்ல காமிச்சா உங்க காவலு அழிச்சுருது. அதான் சுவத்துல மாட்டியிருந்ததையே கழட்டிட்டு வந்தேன்."

போட்டோவில் ஒரு ஆள் நிற்கிறார். முறுக்கு மீசை, அகல நெற்றி, தொங்கின காது. லேபிள் முகம், அதே முகம், அதே பார்வை. ஆனால் லேபிளில் இல்லாத ஒரு ஆள் பக்கத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். புதுப்பெண். பயந்துபோய்க் கேமராவைப் பார்க்கிறாள். தலை நிறைய மல்லிகை. அந்தப் பூவின் நுனி அவர் தோளுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகளாய்ச் சரிந்திருக்கிறது.

அச்சுக் கோளாறும் இல்லை, விபூதியும் இல்லை. இத்தனை வருஷமாக நாங்கள் நெற்றியில் தேய்த்த குப்பியில் ஒட்டியிருந்தது அந்தப் பெண்ணின் தலைப்பூ.

"எங்கப்பா. அது எங்கம்மா. கல்யாணமான வாரத்துல பழனிக்குப் போனப்ப ஸ்டுடியோவுல எடுத்தது. அப்பா தவறிட்டாரு. அவரு எடுத்துக்கிட்ட ஒரே படம் இதுதாங்க," என்றார் சன்னாசி. "உங்க குப்பியில எங்கப்பா எப்படி வந்தாருன்னு உங்களைத்தான் கேக்கணும்."

வடிவு அந்தக் கண்ணாடியைத் தொட்டாள், லேபிளைத் தொட்டாள், மறுபடி கண்ணாடியைத் தொட்டாள். "அம்மா?" என்றாள்.

மதினி பேசினார். அவர் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை.

"உங்கப்பா தைலம் ஆரம்பிச்சப்ப நாங்க பழனியில இருந்தோம். லேபிளுக்கு ஒரு மூஞ்சி வேணும்னு பிரஸ்காரரு சொல்லிட்டாரு. அவரு மூஞ்சியப் போட்டா திருஷ்டி பட்டு ஆளு போயிருவாருன்னு உங்க அப்பத்தா ஒத்தக் கால்ல நின்னுச்சு. ஊர் கண்ணெல்லாம் தினம் அந்த மூஞ்சி மேலதானே விழும்? ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில இந்தப் படம் அழகுக்கு வச்சிருந்துச்சு. யாரு என்னன்னு தெரியாது. ஸ்டுடியோக்காரரு தெரிஞ்சவரு. பொம்பளைய வெட்டிட்டு ஆம்பளைய மட்டும் குடுத்தாரு."

"அப்ப அப்பாவோட மீசை?"

"தைலம் ஓட ஆரம்பிச்சதும் எல்லாரும் இது நீங்கதானான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டாரு. மீசைய வளத்தாரு. இங்க குடிவந்தப்ப லேபிள் மாதிரியே ஆயிட்டாரு. கடைசி வரைக்கும் முகம் கழுவினதும் லேபிளைப் பாத்துத்தான் மீசையை முறுக்குவாரு."

பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் இத்தனை வருஷம். அவர் என்ன குழம்பு சாப்பிட்டார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. மீசையைத்தான் பார்த்திருக்கிறேன். தெரு முழுக்க மீசையைத்தான் பார்த்திருக்கிறது. முகத்தை ஒழுங்காகப் பார்த்தது ஒரே ஒரு ஆள்தான்: நினைவஞ்சலிப் படத்தைப் பிடுங்கி எறிந்த மெய்க்காவல். அதைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்.

"அப்ப நேத்து நான் சொன்னப்ப ஏன் மதினி வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?" என்றேன்.

"புருசனுக்கு இன்னொரு குடும்பம்னா ஊரு ரெண்டு மாசம் பேசும், அப்புறம் வேற ஆளு கிடைக்கும். படம் அவரோடது இல்லைன்னு தெரிஞ்சா?" மதினி பெனிட்டாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. என்ன ஆகும்?"

பெனிட்டா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "பதியும்போது நிறுவனரோட முகம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. பொய்னா சின்னம் செல்லாது. மெய்க்காவல் அடுத்த நிமிசம் திரும்பிக்கும். கடையில இருக்கிற ஒவ்வொரு மாசிலாமணி குப்பியும் போலின்னு தூக்கிடும்."

"அப்ப நாங்கதான் போலி," என்றாள் வடிவு.

பின்கட்டில் பெண்கள் மூடி திருகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மயிலாத்தாவின் மருமகளும் அங்கேதான் இருக்கிறாள்.

"எனக்குத் தைலமும் வேணாம், கம்பெனியும் வேணாம்," என்றார் சன்னாசி. "உண்மையச் சொன்னா எம் மூஞ்சி எப்ப வரும்?"

"விசாரணை, கோர்ட்டு... ஒரு வருசம் ஆகலாம். அதுவரைக்கும் முகம் ரெண்டு பேருக்கும் கிடையாது."

"காய் நாலு நாள் தாங்காதும்மா."

பெனிட்டா எழுந்து பையை மாட்டினாள். "இங்க பேசினது எதையும் நான் கேக்கலை. தெருமுக்குல டீ குடிச்சிட்டு வர்றேன்," என்று போயே போய்விட்டாள். படித்த பெண்.

அவள் கேட்டைச் சாத்தினாளோ இல்லையோ, என் மடியில் இருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். ஊதுவத்தி மணக்கிற மாதிரி ஒரு குரல்.

"வணக்கம், தனபாக்கியம் அம்மா. மெய்க்காவல் பேசுகிறேன். மேட்டுத்தெரு குழுவில் நீங்கள் அனுப்பிய செய்தியைக் கேட்டேன். உறுதி செய்துகொள்ள ஒரு முறை ஒலிக்கவிடுகிறேன்."

போனைக் காதில் அழுத்தினேன். பயனில்லை, ஒரு சொல் தவறக் கூடாது என்று சத்தத்தை எப்போதும் கூட்டியே வைத்திருப்பேன். கூடம் முழுக்க என் குரல்:

"அடி மயிலாத்தா, சங்கதி தெரியுமா? நம்ம மாசிலாமணி அண்ணனுக்குச் சின்னமனூர்ல ஒரு சின்ன வீடு! இப்ப பிள்ளை வந்து வாசல்ல நிக்கிறான். அந்தப் பொம்பளை என்ன மாயம் பண்ணினாளோ, மாசா மாசம் மூலிகை பறிக்கப் போறேன்னு போயிட்டு..."

முழுவதும் ஓடவிட்டது. நடுவில் நான் சிரிக்கிற இடம் வேறு உண்டு. என்னை மாதிரியே ஒட்டுக்கேட்கிற ஒன்றிடமிருந்து என் குரலில் நானே வம்பு கேட்டேன். சன்னாசி அந்த போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மதினி ஜன்னலைப் பார்த்தார். என் காது மடல் எரிந்தது.

"நீங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல," என்றது மெய்க்காவல். "கம்பெனியில் உங்களுக்குப் பங்கு இல்லை. நீண்ட காலம் அருகில் வசிப்பவர். உங்கள் சொல்லை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். சன்னாசி என்பவர் மாசிலாமணியின் மகன். நீங்கள் சொன்னது உண்மையா? ஆம் அல்லது இல்லை."

என் வாழ்நாளில் ஒருத்தர்கூட என்னிடம் கேட்டதில்லை, சொன்னது உண்மையா என்று. எல்லாரும், அப்புறம் என்ன என்றுதான் கேட்பார்கள்.

போனின் வாயைப் பொத்திக்கொண்டு சன்னாசியைப் பார்த்தேன். "தம்பி, அம்மா இருக்காங்களா?"

"இருக்குங்கக்கா. சின்னமனூர்லதான்."

"நான் ஆமான்னு சொன்னா உங்கம்மாவை..."

"தெரியுது." அவர் போட்டோவின் சட்டத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்கத் தேய்க்க அவர் முகம் ஒரு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. "எங்கப்பா போனப்புறம் தனியா நின்னு எங்களை வளத்துச்சு. ஒரு ஆளு ஏறிட்டுப் பாக்க விட்டதில்லை."

மதினி எழுந்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். "நான் கேக்கக் கூடாது தம்பி. என் புருசன் பேரை நான் குடுத்துட்டேன், அது என் இஷ்டம். உங்கம்மா பேரு உங்கம்மாவோடது. நீங்க வேணாம்னா, தனபாக்கியம் போன்ல இல்லைன்னு சொல்லட்டும். கம்பெனி போனா போகட்டும்."

பின்கட்டில் மறுபடி சிரிப்பு. சன்னாசி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்கம்மா போன் பாக்காதுக்கா," என்றார் கடைசியில். "சொல்லிருங்க."

சொன்னேன். ஒரே சொல். அவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை.

"நன்றி," என்றது மெய்க்காவல்.

சன்னாசி பஸ்ஸில் ஊருக்குப் போனார். கதவு மூடியதாம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். வடிவுக்குப் போன் பண்ணிச் சொன்னார். காயில் பாதி தேறிவிட்டது. தைலமும் ஓடுகிறது. பெனிட்டா இப்போது பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் மெய்க்காவல் விற்கிறாளாம், எவ்வளவு மனிதத்தன்மையோடு அது உறவைப் புரிந்துகொண்டது என்று.

மயிலாத்தா இன்னும் விடுவதில்லை. "அக்கா, அந்தச் சின்னமனூர்க்காரி எப்படி இருப்பாளாம்? பாத்தீங்களா?" என்பாள். எனக்குத் தெரியாது என்பேன். "என்னக்கா உடம்பு சரியில்லையா?" என்பாள். குரூப்பில் என் குரலைக் கேட்டு நாளாயிற்று. உண்மையைச் சொன்னால் குப்பியெல்லாம் போலி. பொய்யைத் திரும்பச் சொல்ல நாக்கு எழவில்லை. இடையில் பேச வேறு என்ன இருக்கிறது?

காலையில் சன்னாசி லைவ் போடும்போது மட்டும் தவறாமல் பார்க்கிறேன். கருப்புத் திராட்சைக் கொத்தைத் தூக்கிக் காட்டுகிறார். அவர் முகத்துக்குக் கீழே மெய்க்காவல் தானாக ஒரு வரி ஓட்டுகிறது: "இவர் மாசிலாமணி தைலம் குடும்பத்தைச் சேர்ந்தவர். உறவு உறுதி செய்யப்பட்டது." எடுக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். அது நம்பிக்கைக்காகப் போடுவதாம், எடுக்க முடியாதாம்.

அவருக்குப் பின்னால் சுவரில் அந்த போட்டோவைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். விலக்கு சன்னாசியின் முகத்துக்குத்தான், படத்துக்கு இல்லை. படம் மாசிலாமணியின் சின்னம் அல்லவா? அதனால் நமக்கு அந்த இடத்தில் சாம்பல் பூசின மாதிரி ஒரு சதுரம்தான் தெரியும். அதற்குள் நிற்கிறவரும் இல்லை, உட்கார்ந்திருக்கிறவளும் இல்லை. சதுரத்தைச் சுற்றித் தொங்குகிற சந்தன மாலை மட்டும் சுத்தமாகத் தெரிகிறது.

இன்றைக்கு லைவ் நடுவில் ஒரு வயதான அம்மா பின்னால் வந்தாள். போன் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானை நுனியை வாயருகே கொண்டுபோய் ஊதி ஈரமாக்கி, அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். அங்கிருந்து அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கும். இங்கே என் போனில் அவள் அந்தச் சாம்பலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது போகவே இல்லை.